கார் மேல் ஏறாத வில்லு

“இடி விழுந்தாலும் சரி, இந்திரனே இறங்கி வந்தாலும் சரி, அந்த வில்லு நம்ம கார் மேல ஏறாது!”

தங்கசாமி அண்ணாச்சி இப்படி ஒரு சபதம் எடுத்தது வியாழக்கிழமை காலையில், கோவில்பட்டியில் தன் பாத்திரக்கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டே. சபதத்தைக் கேட்டது கடைவாசலில் படுத்திருந்த ஒரு நாய் மட்டும்தான். அதுவும் முழுசாகக் கேட்கவில்லை. வீட்டில் வைத்தே எடுத்திருக்கலாமே என்பீர்கள். வீட்டில் செல்வமாரி இருப்பாள்.

செல்வமாரி அவர் சம்சாரம். வில்லுப்பாட்டுக்காரி. சங்கரன்கோவிலிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் எந்த அம்மன் கோயிலில் கொடைத் திருவிழா என்றாலும், பந்தக்கால் நடும் முன்னால் செல்வமாரிக்குத்தான் முதல் போன் வரும். செல்போனில் அவள் பாட்டைப் பார்க்கிறவர்கள் துபாயில்கூட இருக்கிறார்கள். அதில் அண்ணாச்சிக்குப் பெருமைதான். அவருடைய வயிற்றெரிச்சல் பாட்டு அல்ல. வில்லு.

பத்தடி நீளம். பனைவைரம். உடம்பெல்லாம் வெண்கல மணி. மடக்க முடியாது, கழற்ற முடியாது, சுருட்ட முடியாது, சாய்த்து வைத்தால் வீட்டுக்கதவைச் சாத்த முடியாது. உலகத்தில் பாட்டுக்காரியைக் கட்டினவன் எத்தனையோ பேர். ஆர்மோனியம் என்றால் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். உடுக்கை என்றால் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடலாம். இது என்ன கொடுமை ஐயா! ஒரு ஆள் பாட, ஒரு வாகனமே வேண்டியிருக்கிறது.

பஸ்ஸில் கொண்டுபோன காலம் ஒன்று உண்டு. கண்டக்டர் படிக்கட்டிலேயே மறிப்பார்.

“அண்ணாச்சி, இது என்னது?”

“வில்லு.”

“அது தெரியுது. யாரைக் கொல்லப் போறீய?”

“பாட்டுப் பாட.”

“பாட்டு வாயாலதான பாடுவாவ?”

கல்யாணமான நாளிலிருந்து அண்ணாச்சியும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். எப்படியோ ஏற்றினால், முன்நுனி டிரைவர் காதுக்குப் பக்கத்தில் நிற்கும், பின்நுனி யாரோ ஒருவர் இட்லிப் பொட்டலத்தைக் குத்தும். பிரேக் போடும்போதெல்லாம் மணி மொத்தமும் குலுங்கும். தூங்குகிறவர்கள் கோயில் வந்துவிட்டது என்று எழுந்து கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஷேர் ஆட்டோவில் போனால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, பஜாரையே ஒதுக்கிக்கொண்டு போகும். பால் வேன் மேலே போயிருக்கிறது. தண்ணி லாரி முதுகில் போயிருக்கிறது. கடைசியாக மாடக்கண்ணுவின் லோடு ஆட்டோதான் நிரந்தரம் என்றாயிற்று. இத்தனையிலும் வில்லுக்குத் துணையாகப் போனவர், வேறு யார், அண்ணாச்சிதான். பொறுத்தார்.

ஆனால் இப்போது கார் வந்துவிட்டது.

முத்துவெள்ளை நிறம். சீட்டுக்கு மேல் கம்பெனிக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறையை அவர் இன்னும் கழற்றவில்லை. உட்கார்ந்தால் கரக் முரக் என்று அப்பளம் நொறுங்குகிற சத்தம் வரும். அந்தச் சத்தம் அவருக்குச் சங்கீதம். வேப்பமரத்தடியில் நிறுத்த மாட்டார், காக்கா எச்சம் போடும். வெயிலில் நிறுத்த மாட்டார், பெயிண்டு வெளுக்கும். பிறகு எங்கேதான் நிறுத்துவார் என்றால், பெரும்பாலும் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருப்பார். ஏறுகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் காரை அவர் வாங்கியது ஊர் சுற்ற இல்லை. ஒரே ஒரு ஆளுக்காக. ஓட்டப்பிடாரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பட்டியில் இருக்கிற அவர் சகலை பாண்டியராஜனுக்காக. செல்வமாரியின் தங்கச்சி கற்பகத்தைக் கட்டியவர். வற்றல் வியாபாரம். கார் வாங்கி வருஷக்கணக்காகிறது. எந்த விசேஷ வீட்டிலும் அண்ணாச்சி பஸ்ஸை விட்டு இறங்கி வேட்டியை உதறி முடிப்பதற்குள் வந்து நிற்பார்.

“வாங்க சகலை! பஸ்ஸுலயா வந்தீய? ஒரு போன் போட்டிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே!”

அன்பாகத்தான் கேட்பார். அதுதான் குத்தும். வண்டி அனுப்பியிருப்பேனே, வண்டி அனுப்பியிருப்பேனே என்று அந்த ஒரு வார்த்தை அண்ணாச்சிக்குப் பந்தியில் சோறு இறங்க விடாது.

வருகிற செவ்வாய்க்கிழமை அந்தப் பட்டியில் அம்மன் கொடை. கொடைக் கமிட்டித் தலைவர் பாண்டியராஜன். வில்லு, அவருடைய மயினி செல்வமாரி. அண்ணாச்சி மனசுக்குள் படமே ஓட்டிப் பார்த்துவிட்டார். கார் சத்தமில்லாமல் பந்தல் முன்னால் போய் நிற்கும். இவர் இறங்குவார். திரும்பிப் பார்க்காமல் சாவியை அமுக்குவார். கார் ‘குயிக்’ என்று சொல்லும். சகலை முகம் சுருங்கும். இவ்வளவுதான் அவர் கேட்டது. கடவுளிடம் ஒரு மனுஷன் இதைக்கூடக் கேட்கக்கூடாதா?

புதன்கிழமை ராத்திரி தோசை ஊற்றிக்கொண்டே செல்வமாரி அந்தப் படத்தைக் கிழித்தாள்.

“ஏங்க, சொந்தக் காரு வந்துட்டு. இனி லோடு ஆட்டோ எதுக்கு? செவ்வாக்கிழமை வில்லைக் காரு மேல கட்டிருங்க.”

அண்ணாச்சி பிட்ட தோசையைத் தட்டிலேயே போட்டார். “காரு மேல கேரியர் இல்லட்டி.”

“பழைய மெத்தையை விரிச்சுக் கட்டுவோம்.”

“மெத்தையா! நாம என்ன வீடு மாத்துதோமா?”

“அப்ப சாக்கு விரிப்போம்.”

“போலீஸ் புடிப்பான்.”

“பின்னால செவப்புத் துணி கட்டிட்டாப் புடிக்க மாட்டாவளாம். மாடக்கண்ணு சொன்னான்.”

“செவப்புத் துணியா! என் காருக்கா! ஏட்டி, அது கம்பி லோடு ஏத்துத வண்டியாட்டி?”

“சாமி வில்லுங்க அது. அது ஏறுனா உங்க காருக்குத்தான் கௌரவம். மணி குலுங்கக் குலுங்கப் போகும்லா.”

மணி குலுங்க. சிவப்புத் துணி பறக்க. சாக்கு தொங்க. சகலை வந்து, “என்ன சகலை, வாடகைக்கு விட்டிருக்கீயளா?” என்று கேட்க. அண்ணாச்சி சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டார். மறுநாள் காலையில்தான் அந்த நாயிடம் சபதம்.

சபதம் எடுத்தாகிவிட்டது. செல்வமாரியிடம் சொல்வது யார்? அண்ணாச்சி பகலெல்லாம் யோசித்தார். குக்கர் கேட்டவருக்குக் கும்பாவை எடுத்துக் கொடுத்தார். சாயந்தரம் யோசனை பிறந்தது. அவள் யார் சொன்னாலும் கேட்க மாட்டாள். அம்மன் சொன்னால் கேட்பாள்!

தெருக்கோயில் சாமியாடி அய்யாத்துரை. வெள்ளிக்கிழமை தோறும் அருள் வந்து குறி சொல்வார். கோயிலுக்கு ஒரு பெரிய வெண்கலப் பானை வேண்டும் என்று ரொம்ப நாளாக அண்ணாச்சியைக் கேட்டு வருகிறார். அன்றைக்கு அண்ணாச்சியே பானையைத் தோளில் சுமந்துகொண்டு போனார்.

“என்ன அண்ணாச்சி, கேக்காமலே பானை வருது?”

“வே, ஒரு சின்ன உபகாரம். நாளைக்குக் குறி சொல்லும்போது என் சம்சாரத்தைப் பாத்து ரெண்டு வார்த்தை சொல்லணும்.”

“அதெப்பிடி அண்ணாச்சி? சாமி வந்துட்டா எனக்கு நெனப்பே இருக்காதே.”

“சாமி வாரதுக்கு ஒரு நிமிஷம் முன்னால சொல்லும்வே. ‘காரு மேல வில்லை வைக்காத, கயித்துல கட்டாத, தெறந்த வண்டியில கொண்டு வா.’ இவ்வளவுதான். காரு மேல ஸ்க்ராட்ச் விழுந்தா என் உசுரே போயிரும்வே.”

அய்யாத்துரை பானையைத் தட்டிப் பார்த்தார். நல்ல கனம். தலையை ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் கோயில் வாசலில் தெருப்பெண்கள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். எல்லோரும் அண்ணாச்சி கடையில் பாத்திரம் எடுக்கிறவர்கள். அண்ணாச்சி சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டி, திருநீற்றை அள்ளிப் பூசி முதல் வரிசையில் நின்றார். அந்த பக்தியைப் பார்த்தே செல்வமாரி ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அதை அவர் கவனித்திருக்க வேண்டும்.

உடுக்கைச் சத்தம் ஏறியது. அய்யாத்துரை குதித்தார். வேப்பிலையைச் சுழற்றிக்கொண்டு நேரே செல்வமாரி முன்னால் வந்து நின்றார்.

“ஏஏஏய்... மகளே! என் வில்லைக் காரு மேல வைக்காத! கயித்துல கட்டாத! நான் என்ன வெறகா? தெறந்த வண்டியில, ராணி மாதிரி கொண்டு வா!”

அருமை! பாடம் ஒரு எழுத்துப் பிசகவில்லை. அதோடு நிறுத்தியிருக்கக்கூடாதா அந்தக் கூறுகெட்ட மனுஷன்? பானையின் கனம் அவரை மேலே பேச வைத்தது.

“மீறிக் காரு மேல வச்சே... ஸ்க்ராட்ச் விழும்! ஸ்க்ராட்ச்சு!”

“அம்மன் எம்புட்டு அழகா இங்கிலீசு பேசுதா!” என்றாள் பெத்தம்மாள் என்கிற பக்கத்து வீட்டம்மா.

“காலத்துக்குத் தக்கன பேச வேண்டாமா?” என்றாள் இன்னொருத்தி.

செல்வமாரி சாமியாடியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். கோயிலுக்குள் புதுசாகப் பளபளத்துக்கொண்டிருந்த வெண்கலப் பானையைப் பார்த்தாள். அவள் உதட்டோரம் லேசாகத் துடித்தது. அண்ணாச்சி அதைப் பயம் என்று நினைத்தார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அந்தத் துடிப்பு அவருக்குப் பிடிபடவில்லை என்றால் அவரை என்ன சொல்வது?

சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அவள் பின்னால் மறுத்துப் பேசிவிடக்கூடாது என்று ஊரைச் சாட்சி வைக்க ஆசைப்பட்டார். தடால் என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

“தாயே! உன் வாக்குக்கு மறுவாக்கு உண்டா! நீ என்ன சொன்னாலும் தங்கசாமி குடும்பம் கட்டுப்படும் தாயே! எல்லாரும் கேட்டுக்கிடுங்க, என்ன சொன்னாலும்!”

எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். செல்வமாரி கை கூப்பி ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

“கட்டுப்படுதோம் தாயே. அவியளே சொல்லிட்டாவ, இனி மறுபேச்சு இல்ல. ஒரே ஒரு சந்தேகம். கயித்துல கட்டக்கூடாதுங்க. சரி. கட்டாத வில்லு ரோட்டுல உருண்டுட்டா? யாராவது மடியில வச்சுப் புடிச்சிக்கிட்டு வரணும்லா? யாரு தாயே?”

அய்யாத்துரை ஒரு கண்ணை அரைகுறையாகத் திறந்து அண்ணாச்சியைப் பார்த்தார். இது பாடத்தில் இல்லை. அண்ணாச்சி தரையில் கிடந்தபடியே ‘மாடக்கண்ணு, மாடக்கண்ணு’ என்று உதட்டை அசைத்தார்.

“மாடக்...” என்று ஆரம்பித்தார் சாமியாடி.

“நல்லா யோசிச்சுச் சொல்லு தாயே,” என்றாள் செல்வமாரி, குரலில் தேன் சொட்ட. “அடுத்த மாசம் உன் கொடை. உனக்கு வரத்துப் பாடப்போறது நான்தான்.”

வரத்து என்றால் சாமியை வரவழைக்கிற பாட்டு. வில்லுக்காரி அதைப் பாடி ஏற்றினால்தான் கொடையன்றைக்குச் சாமியாடிக்கு அருள் வரும். அவள் பாதியில் நிறுத்தித் தொண்டையைச் செருமினாலோ, வெற்றிலை போட உட்கார்ந்துவிட்டாலோ, ஊர் முழுக்க வேடிக்கை பார்க்க, இவர் மஞ்சள் வேட்டியோடு மரம் மாதிரி நிற்க வேண்டியதுதான். அய்யாத்துரைக்கு உடம்பு நடுங்கியது. இந்த நடுக்கத்தில் கலப்படமே இல்லை.

“தாலி கட்டுனவன்! உனக்குத் தாலி கட்டுனவன் மடியில வருவேன்!”

“செருப்புப் போடலாமா தாயே அவிய?”

“கூடாது!”

“குடை பிடிக்கலாமா? வெயிலா இருக்குமே.”

“கூடாது! ஆகாசம் பாத்து வரணும்!”

“அப்ப காரு சும்மா கெடக்கணுமா?”

“ஏன் கெடக்கணும்? பாட்டுக்காரிய எல்லாம் கார்ல வாங்க மகளே!”

“ஏசி போட்டுக்கிடலாமா?”

“போடு!”

பெண்கள் குலவை இட்டார்கள். அண்ணாச்சி எழுந்திருக்கவே இல்லை. பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து யாரோ அவர் முதுகில் திருநீறு தூவினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் கையில் ஒரே ஒரு ஆயுதம் மிச்சமிருந்தது.

“அதெல்லாம் சரிட்டி. நான் லோடு ஆட்டோவுல வந்தா, காரை யாரு ஓட்டுவா?” வெற்றிச் சிரிப்பு வாய்வரை வந்துவிட்டது.

“சத்யபிரியா ஓட்டுவா.”

சத்யபிரியா குழுவில் குடம் அடிக்கிறவள். மற்ற நாளில் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் சுற்றுப்பட்டி வேலைக்காரர்களை ஏற்றி இறக்குகிறவள். அத்தனை பெரிய வேனையே சந்துக்குள் ரிவர்ஸ் எடுப்பாள்.

“சாவியைத் தாங்க பெரியப்பா,” என்று கை நீட்டினாள்.

சாவியைக் கொடுத்தபோது அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கியது. பெற்ற பெண்ணைக் கட்டிக்கொடுத்தபோதுகூட அவர் இப்படி நிற்கவில்லை.

மாடக்கண்ணு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். லோடு ஆட்டோவின் தகரத்தளம் காலை வெயிலிலேயே தோசைக்கல். வெறுங்காலோடு ஏறிய அண்ணாச்சி ‘ஆத்தீ’ என்று ஒரு கால் தூக்கினார், அந்தக் காலை வைத்து மறுகால் தூக்கினார்.

“சாமி வில்லு ஏறு முன்னாலேயே அண்ணாச்சிக்கு அருள் வந்துட்டு,” என்றாள் பெத்தம்மாள்.

செல்வமாரிக்கு மனசு கேட்கவில்லை. காருக்குள் குனிந்து பரபரவென்று எதையோ கிழித்தாள். ஒரு கட்டு பிளாஸ்டிக்கைச் சுருட்டிக்கொண்டு வந்து புருஷன் கையில் கொடுத்தாள்.

“இத விரிச்சு உக்காருங்க. சூடு ஏறாது.”

அண்ணாச்சி விரித்தார். உட்கார்ந்தார். கரக் முரக் என்றது. அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

“ஏட்டி! சீட்டு உறையாட்டி இது!”

“ஆமா. வேர்க்குதுங்க அதுல.”

கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடி ஏறியது. கார் சத்தமில்லாமல், அவர் படத்தில் பார்த்த மாதிரியே, வழுக்கிக்கொண்டு போயிற்று. அவர்தான் அதில் இல்லை.

பசுவந்தனை ரோட்டில் லோடு ஆட்டோ குதித்துக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்த கரிசல் காடு. காற்றடித்தால் மண் எழுந்து முகத்தில் அப்பும். பத்தடி வில்லு அவர் மடியில் குறுக்கே நிற்காமல், ஒரு நுனி டிரைவர் கூரைக்கு மேலும் மறுநுனி பின்னால் ரோட்டுக்கு மேலும் நீண்டு ஆடியது. பிடியை விட்டால் போச்சு. மூக்கு அரித்தது. சொறியக் கையில்லை.

மணிச்சத்தம் கேட்டு வழியூர்ப் பெண்கள் வண்டியை மறித்தார்கள்.

“கொடைக்குப் போற வில்லாட்டி! மஞ்சத்தண்ணி கொண்டா!”

“யம்மா, வில்லுக்கு மட்டும் ஊத்துங்க,” என்று கெஞ்சினார் அண்ணாச்சி.

ஒரு குடம் வில்லுக்கு ஊற்றினார்கள். அது மடியில்தானே இருந்தது. மஞ்சள் தண்ணி மேல் கரிசல் தூசி, அதன்மேல் அடுத்த ஊர் மஞ்சள் தண்ணி. இரண்டாவது ஊரில் ஒரு அம்மாள் அவரை இரக்கமாகப் பார்த்துக் கேட்டாள்.

“வில்லு தூக்க வந்தீயளா ராசா? சாப்பாடு போடுவாவளா?”

அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. “ஏலே மாடக்கண்ணு, அய்யாத்துரைக்குப் போன் போடுலே!”

மாடக்கண்ணு போனை ஸ்பீக்கரில் போட்டுப் பின்பக்க ஜன்னல் வழியாக நீட்டினான்.

“வே அய்யாத்துரை! பானையை வாங்கிக்கிட்டு இப்பிடிப் பண்ணிட்டீரே! நீர் விளங்குவீரா?”

“அண்ணாச்சி, கோவப்படாதீய. பானை கோயிலுக்குத்தான. அவிய வரத்துப் பாடலைன்னா எனக்குச் சாமி வராது. சாமி வரலைன்னா என்னை யாரு மதிப்பா? எனக்குக் கோயில விட்டா வேற தொழில் உண்டா?”

“எனக்கு மட்டும் மானம் மரியாதை கெடையாதாவே?”

“உங்களுக்குக் கடை இருக்கு அண்ணாச்சி,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பட்டி வருவதற்கு ரொம்பத் தூரம் முன்பே கொடை மைக்செட் காதில் விழுந்தது. மரமில்லாத காட்டில் சத்தத்தை மறிக்க என்ன இருக்கிறது? ஒரு வார்த்தை விடாமல் வந்தது.

“பெரியோர்களே, தாய்மார்களே! வில்லிசை அரசி செல்வமாரி அவர்கள், தன் சொந்தக் காரில், நமது கிராமத்துக்கு வருகை தந்துள்ளார்கள்! சொந்தக் காரில்! கமிட்டித் தலைவர் பாண்டியராஜன் அவர்கள் காருக்கு மாலை அணிவிக்கிறார்கள்!”

“ஏலே, வேகமாப் போலே!” என்று அலறினார் அண்ணாச்சி.

“போனா வில்லு ஆடும் அண்ணாச்சி. சாமி குத்தம்.”

வண்டி போய் நின்றபோது கார் பந்தலடியில் இருந்தது. முன்னால் ரோஜா மாலை. கண்ணாடிக்குச் சந்தனம், குங்குமம். அதன் பக்கத்தில் பாண்டியராஜன் நின்று, கதவைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார். முகம் சுருங்கித்தான் இருந்தது. எந்த முகத்தைப் பார்க்க அண்ணாச்சி ஆசைப்பட்டாரோ, அதே முகம். ஆனால் அது செல்வமாரிக்காகச் சுருங்கியிருந்தது.

மேளம் வந்தது. வில்லை வாங்கி மாலை போட்டு மரியாதையாக உள்ளே கொண்டுபோனார்கள். அண்ணாச்சிக்கு யாரும் ஒன்றும் போடவில்லை. மடியில் வில்லு இல்லாததால் இனி மூக்கைச் சொறியலாம், அவ்வளவுதான். சொறிந்தார். நேராகச் செல்வமாரியைத் தேடிப் போய்ப் பந்தல் ஓரத்துக்கு இழுத்தார்.

“போதும்ட்டி. நான் தோத்துட்டேன். திரும்பிப் போம்போது வில்லைக் காரு மேலயே கட்டிக்கிடுவோம். சாக்கு விரிச்சுக் கட்டுதேன். செவப்புத் துணியும் நானே கட்டுதேன். காரை நான் ஓட்டுதேன்.”

செல்வமாரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “என்னங்க பேசுதீய! அம்மன் வாக்கை மீறலாமா?”

“ஏட்டி, அது அம்மன் வாக்கு இல்லட்டி! அது வந்து... அய்யாத்துரைகிட்ட...”

“அய்யாத்துரை அண்ணன்கிட்ட?” அவள் கண்ணை அகல விரித்தாள். சுற்றி நின்ற பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். “சொல்லுங்க. அண்ணன்கிட்ட என்ன?”

அண்ணாச்சி வாயைத் திறந்தார். சாமி வாக்கையே சொல்லிக் கொடுத்தவன் என்று ஊருக்குள் போனால் நாளைக்கு ஒரு கரண்டி விற்காது. மூடினார்.

“ஒண்ணுமில்ல.”

“அப்ப சரி. அம்மா இந்த ஒரு கொடைக்குன்னு சொல்லல, கேட்டுக்கிடுங்க. ஆவணி வரைக்கும் நமக்குக் கொடை இருக்கு.” புடவைத் தலைப்பைச் சொருகிக்கொண்டு மேடைக்குப் போய்விட்டாள். வீசுகோல் வில்லின் நாணில் விழுந்தது. மணியெல்லாம் சிரித்தன.

அந்த நேரம் பார்த்துப் பாண்டியராஜன் வந்தார்.

“வாங்க சகலை! லோடு ஆட்டோவுலயா வந்தீய?”

“சகலை, அது என் காரு,” என்றார் அண்ணாச்சி. குரல் உடைந்துவிட்டது. “நான் வாங்குன காரு. என் கடைக்காசுல. நான்தான் வாங்குனேன்.”

பாண்டியராஜன் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். தலையெல்லாம் கரிசல் புழுதி. சட்டையெல்லாம் மஞ்சள் தண்ணி. காலில் செருப்பில்லை. கையில் கசங்கிய பிளாஸ்டிக் சுருள். அவருக்கே பாவமாகிவிட்டது. அருகில் வந்து தோளில் கை போட்டு, யாருக்கும் கேட்காத மாதிரி அன்பாகச் சொன்னார்.

“வருத்தப்படாதீய சகலை. நான் மயினிகிட்ட சொல்லி, ஒரு நாளைக்கு உங்களையும் அந்தக் கார்ல ஏத்தச் சொல்லுதேன்.”